காதைச் சொறிந்தால் எண்ணெய்

ரொசாரியோவில், ஆற்றுக்கு நான்கு தெரு தள்ளி,
இரண்டாம் மாடியில் இருக்கிறோம்.
இலாரியோவுக்கு இரவு வேலை.
பேரங்காடி அடைத்த பிறகு
கையில் ஒரு சிறு துப்பாக்கியோடு
அடுக்கடுக்காக நடப்பான்.
சுடுவது விலைச்சீட்டு.
நேற்றைய விலையின் முகத்தில்
இன்றைய விலை.

கணக்கு என் பொறுப்பு.
பென்சிலில்தான் எழுதுவேன்.
மாதம் முடியும்போது பென்சிலில் பாதி மிச்சமிருக்கும்,
ரப்பர் தீர்ந்திருக்கும்.
ரப்பருக்கென்று ஒரு வரி
சென்ற மார்ச்சிலிருந்து எழுதுகிறேன்.

சம்பளம் வந்த அன்றே
அதைப் பொருளாக மாற்றிவிட வேண்டும்.
பணமாகவே கிடந்தால்
சாயங்காலத்துக்குள் இளைத்துவிடும்.
கட்டிலுக்கடியில் இருபத்தாறு சோப்புக்கட்டிகள்:
எங்கள் சேமிப்புக்கு லாவண்டர் மணம்.

வேகும் முன்னே ஐந்து நிமிடம்
அடுப்பை அணைத்துவிடுகிறேன்,
மிச்சத்தைச் சூடு பார்த்துக்கொள்ளும்.
மாத்தே இலையை ஜன்னலோரம் உலர்த்தி
மறுபடி ஊறவைக்கிறேன்.
விருந்தாளி வந்தால் மட்டும் புது இலை.
அதனாலேயே விருந்தாளிகளை எனக்குப் பிடிக்கும்.

சில்லறையை இப்போது பிச்சைக்காரரும் வாங்குவதில்லை.
ஆடிக்கொண்டிருந்த மேசைக்கால் அடியில்
நான்கு நாணயம் வைத்தேன்.
பல வருடத்துக்குப் பிறகு
எங்கள் பணம்
ஓரிடத்தில் நிலையாக நின்றது.

ஒருநாள், நசுங்கியதென்று கழித்த
பீச் பழ டப்பா ஒன்றைக் கொண்டுவந்தான்.
நகத்தால் சுரண்டினேன்.
சீட்டுக்கு அடியில் சீட்டு,
அதற்கும் அடியில் சீட்டு.
ஏழாவதில் போன குளிர்காலம் இருந்தது.
கிழியாமல் பிரித்து
நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறேன்.
யாருக்காவது காட்டினால்
பொய் என்பார்கள்.

காலை ஆறு மணிக்கு வீடு திரும்பும்போது
அன்றைய இரவுக்கான பட்டியல்
அவன் சட்டைப்பையில் இருக்கும்.
எது ஏறுகிறது, எவ்வளவு என்று
வெளியே மூச்சுவிடக் கூடாது.
கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

மூச்சுவிடவில்லை அவன்.
கீழ்வீட்டு தெல்ஃபினாவும் கேட்டதில்லை.
படிக்கட்டைப் பெருக்கிக்கொண்டே
அவன் கைகளைப் பார்ப்பாள்.
காதைச் சொறிந்தால் எண்ணெய்.
தொப்பியைத் தொட்டால் சர்க்கரை.
செருப்பு வாரைக் குனிந்து சரிசெய்தால்
சேமியா, ரவை, அந்த வகையறா.
யாரும் பேசிவைத்ததில்லை.
எப்படி உண்டானது என்று
அவனுக்கே தெரியாது.
தெரு முழுக்கத் தெரியும்.

பிப்ரவரியில் ஒரு காலை.
ஆற்றங்கரைக் கொசு ஒன்று
இடது காதில் கடித்திருக்கிறது.
சொறிந்தான்.
முனையில் ஒருமுறை,
மருந்துக்கடை வாசலில் இரண்டுமுறை,
எங்கள் படிக்கட்டில் ரத்தம் கசியும்வரை.

ஒன்பது மணிக்குக் கடை திறந்தது.
தெல்ஃபினா நான்கு பாட்டில்.
மருந்துக்கடை புருஸ்ஸோனே ஒரு பெட்டி,
மச்சினனுக்கென்று இன்னொன்று.
எண்ணெயே ஆகாதென்று
வைத்தியர் விலக்கிவைத்த எவாரிஸ்தோகூட
இரண்டு.

நானும்தான்.
ஜன்னலிலிருந்து பார்த்ததும்
பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.
அடுத்த அறையில் தூங்குகிறவனை எழுப்பி
ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.
வரிசை நீண்டுகொண்டிருந்தது.

மதியத்துக்குள் தட்டு காலி.
நான்கு மணிக்கு மேலாளர் அழைத்தார்:
எண்ணெய்க்கு என்னவோ நடக்கிறது,
பட்டியலில் சேர்த்துக்கொள், பதினெட்டு சதவீதம்.
தொலைபேசியை வைத்துவிட்டு
இலாரியோ என் முகத்தைப் பார்த்தான்.
பிறகு மேசைமேல் இருந்த
மூன்று பாட்டில்களை.

மறுநாள் தெல்ஃபினா
ஒரு தட்டு எம்பனாடா கொண்டுவந்தாள்,
புது எண்ணெயில் பொரித்தது.
"நீ இல்லாவிட்டால்
எங்கள் கையைக் கடித்திருக்கும்" என்றாள்.
தலைகுனிந்து தின்றான்.
காது இன்னும் சிவந்திருந்தது.
மிச்சம் பிடித்த தொகையை
நோட்டில் எழுதினேன்.
அழித்தேன்.
எழுதினேன்.

இப்போதெல்லாம் இரண்டு கைகளையும்
பைக்குள் விட்டபடியே வருகிறான்.
அதற்கு என்ன பொருளென்று
தெரு யோசித்துக்கொண்டிருக்கிறது.
மாவாக இருக்கும் என்கிறாள் தெல்ஃபினா.
இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஒரு கிலோ வாங்கிவைத்தேன்.
எதற்கும் இருக்கட்டும்.