கடந்த ஒரு மாதத்தில்

இருபது கேள்விகள். "அறவே இல்லை" என்று தொடங்கி
"மிக மிக அதிகம்" வரை ஐந்து கட்டங்கள்.
தோ பாயோவில், பதினோராம் மாடியில்,
மேசை விரிப்பின் ஈரத்தைத் துடைத்துவிட்டு
என்னை உட்காரச் சொன்னார் அமலதாஸ்.
தான் மட்டும் கதவைப் பார்த்த நாற்காலியில்.

நடந்ததைச் சுருக்கமாக எழுத ஒரு கோடு உண்டு.
நான்கு இலக்கம் எழுதினார்: 0540.
படைக் கணக்கில் அது ஒரு விடிகாலை.
மேலே கேட்பது என் வேலை இல்லை.

மொழிபெயர்ப்பு என்னுடையது.
"திடுக்கிடுதல்" சரியா "துணுக்குறுதல்" சரியா என்று
குழுவோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டியவள் நான்.
படித்துவிட்டுக் கேட்டார்:
"தூக்கிவாரிப் போடுறதுன்னு எழுதக் கூடாதாம்மா?"

கெட்ட கனவு? ஒன்று.
"கனவு வர்றதுக்குத் தூங்கணுமே."
தூக்கமின்மை? அதற்கும் ஒன்றுதான்.
"பழகிப்போச்சு. பழகினது தொந்தரவா?"
தவிர்த்தல்?
"நான் எதுக்கும் ஒதுங்கினதில்லை." பூஜ்யம்.

சமையலறையில் ஒரு தட்டு
தேவைக்கு மேல் சத்தமாக இறங்கியது.
"நம்ம வீட்டுல பிரஷர் குக்கர் கிடையாது,"
என்றார் ஃபிலோமினா, யாரிடம் என்று தெரியவில்லை.
"பதினேழு வருஷமா
பருப்பு திறந்த பானையிலதான் வேகுது."

அலுவலகத்தில் இந்நேரம்
முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் விடைகளைப் போட்டு
அறிகுறிகள் நான்கு கொத்தா, ஐந்தா, ஏழா என்று
பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.
கொத்திலிருந்து கேள்விக்கு ஓர் அம்பு,
அம்பின் தலையில் ஒரு தசமம்.
முக்கால் அருகே வந்தால் நல்ல அம்பு.

கூட்டினேன். பதினெட்டு.
எங்கள் எல்லைக்கோடு முப்பத்து மூன்று.
"பாஸா?" என்றார்.
சொல்லக் கூடாது என்பது விதி.
சிரித்துவைத்தேன்.

மின்தூக்கி வரை வந்தார்.
"இது மே மாசம். நீங்க ஜூலைல வரணும்.
தேசிய தின ஒத்திகைக்கு, சனிக்கிழமை சாயங்காலம்,
போர் விமானம் தலைக்கு மேல போகும்.
குளியலறையில தண்ணியத் திறந்துவிட்டு
உள்ள உட்கார்ந்திருப்பேன்.
அது போனப்புறம் கூட்டிப் பாருங்க."

படிவம் கேட்பது கடந்த ஒரு மாதத்தை.
தரவு சேகரிப்பு ஜூன் முப்பதோடு முடிகிறது.

ரயிலில் படிவத்தை மடியில் விரித்தேன்.
ஓரத்தில் எழுதுவதை ஸ்கேனர் படிக்காது.
தவிர்த்தல், பூஜ்யம், அதன் பக்கத்தில்
பென்சிலால் சிறியதாக எழுதினேன்:
பருப்பு.