மூன்று மணி நிழல்

கோனாபட்டில் எங்கள் வீடு
தெருவுக்குத் தெரு நீளும்.
அதில் எங்களுக்கு உள்ளது பதினாறில் ஒன்று:
இரண்டாங்கட்டில் ஓர் அறை, அதன் முன்னே
வானம் பார்த்த முற்றத்தில்
ஏழு கல் அகலம், ஒன்பது கல் நீளம்.
அளந்தது அமீனா.
கோடு போட்டது என் கணவர்,
கதவுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்டால்.

கோட்டுக்கு இந்தப் பக்கம்
கார்த்திகையில் விதைத்தேன் லெட்டூஸ்.
ஓசூரிலிருந்து தபாலில் வந்த விதை,
எள்ளைவிட ஒல்லி, ஊதினால் போச்சு.
தொட்டி என்று எதுவும் வாங்கவில்லை.
விளிம்பு தெறித்த மங்குச் சட்டி நான்கு,
பழைய சாமான்காரரே வேண்டாமென்று தள்ளியவை,
அடியில் ஆணியால் ஓட்டை.
செம்மண், சாணித்தூள், உமிக்கரி.
போர் தண்ணி உப்பு. அதனால்
அரிசி களைந்த நீர், காலையில் ஒரு செம்பு.

முளைத்தது.
அந்தச் சின்னப் பச்சையை
நான் கணக்கு எழுதும் நகைக்கடையில்கூடப்
பார்த்ததில்லை.

முதல் இலைகளைப் பிய்த்துப் போட்ட அன்று
உப்பு, எலுமிச்சை, நுணுக்கிய மிளகு,
நல்லெண்ணெய் ஒரு சொட்டு.
அவர் தட்டைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார்.
"எப்ப வேகும்?"
வேகாது என்றேன்.
மென்றார். நறுக், நறுக்.
தன் வாயிலிருந்து வரும் சத்தத்தைத்
தானே நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.
பிறகு சோற்றை ஓரம் தள்ளிவிட்டு
இன்னும் கொஞ்சம் என்றார்.
சர்க்கரை இறங்கியது என்று எழுத ஆசை.
இறங்கவில்லை. இருநூற்றுப் பத்து.

தையில் வெயில் முறைத்தது.
உச்சிக்கு மேல் எங்கள் பங்கில்
ஒரு சாண் நிழல் கிடையாது.
இலைகள் ஈரத்துணியாய்த் தொங்கின.
நிழல் இருந்தது, மேற்குத் தாழ்வாரத்தின் கீழே,
வயிரவன் பங்கில்,
மூன்று மணிக்கு நல்ல அகலமாய்,
யாரும் உட்காராமல்.

கிணற்றுக்குப் போகும் வழி யாருடையது என்று
பதினோரு வருஷமாய் அவரோடு வழக்கு.
பேச்செல்லாம் வக்கீல் வழியே.

சட்டியைக் காலால் தள்ளினேன்.
ஒரு கல். மறுநாள் இரண்டு கல்.
ஐந்து மணிக்கு இழுத்துக்கொள்வேன்,
திருடியதைத் திருப்பி வைப்பதுபோல.

கடையில் சரக்கு எண்ணிய நாள் மறந்துபோனது.
இரவு எட்டுக்கு வந்து டார்ச் அடித்தால்
இரண்டு சட்டியில் வெளி இலைகள் இல்லை.
ஆடென்றால் வேரோடு போயிருக்கும்.
நத்தையென்றால் வெள்ளித் தடம் இருக்கும்.
இது கத்தி.
அடியில், சாய்வாக,
நடுக்குருத்தைத் தொடாமல்.
மண் நனைந்திருந்தது.
விரலில் ஒட்டியதை நக்கினேன். உப்பில்லை.
இரண்டு நாளைக்கொரு தடவை
பைப்பில் வரும் குடிதண்ணீர்.

வீட்டில் சொல்லவில்லை.
மறுநாளும் மறந்தேன்.
அதற்கு மறுநாள்
மறப்பதென்று முடிவெடுத்தேன்.

மாசி நான்காம் தேதி தேவகோட்டையில் வாய்தா.
எதிர் பெஞ்சில் வயிரவன்,
சலவைச் சட்டை, மடியில் காகிதக் கட்டு.
நீதிபதி விடுப்பு. தேதி தள்ளிப்போனது.
எழும்போது வக்கீலிடம் ஏதோ கேட்க
வாயைத் திறந்தார்.
முன்பல் இடுக்கில்
பச்சையாய் ஒரு துணுக்கு.

என் கணவர் என் பக்கம் குனிந்தார்:
"அந்தாளு பல்லுல என்ன?"
கருவேப்பிலையா இருக்கும் என்றேன்.

இப்போது தண்டு முழங்காலுக்கு ஏறிவிட்டது.
கிள்ளினால் பால்.
விதைக்கு விட்டிருக்கிறேன்,
நான்கு சட்டியும் அந்தப் பக்கமே நிற்கின்றன.

நேற்று துணி எடுக்கப் போனபோது
தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்,
சுவருக்குச் சொல்வதுபோல:
"கசக்குது."

துணியை மடித்தபடி
நானும் சுவருக்கே சொன்னேன்:
"வெயில்."