மணிக்கு நாற்பத்தைந்து

ஆடி எட்டாம் தேதி, பூதப்பாண்டி வயல்வரப்பில்
செயலியை முதன்முதலாய்த் திறந்து காட்டினேன்.
பச்சை, மஞ்சள், சிவப்பு.
மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் தாண்டினால் சிவப்பு;
சிவந்தால் முட்டுக்கொடு.

ஸ்டெல்லாபாய் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.
பத்தாம் வகுப்பில் கணக்கில் என்னை முந்தியவள்.
பாட்டத்துக்கு எடுத்த நிலம்,
எழுநூற்று இருபது ஏத்தன்,
ஓணத்துக்கு முப்பத்தோரு நாள்.
"ஒரு கம்பு அறுவது ரூவா, கெட்டுகூலி தனி.
செவப்பு காட்டுனா காசும் காட்டுமா டே?"

அன்றிரவு சிவப்பு. காற்று வரவில்லை.
மறுநாளும் சிவப்பு; கொடியில் துணி மட்டும் ஆடியது.
மூன்றாம் நாள் போனை அணைத்துவிட்டு
பூசைக்குப் போய்விட்டாள்.

அளவை உயர்த்தினால் பொய் குறையும்,
விழும் வாழை கூடும்.
இறக்கினால்
விழாத வாழைக்கும் கம்பு வாங்கிக் கடன்படுவாள்.
இரண்டு தவறுக்கும் நடுவில் ஓர் எண்.
அதை நான்
நாகர்கோவிலில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து
தேர்ந்திருந்தேன்.

பிறகு அவளோடு வரிசை வரிசையாக நடந்தேன்.
"இது கொலை தள்ளி பத்து நாளு, கனமில்ல, நிக்கும்.
இது முக்கா வெளச்சல், மொதல்ல சாயும்.
ஓடக்கரை ஈரமண்ணு, வேரு பிடிக்காது.
அந்தா மேல்வரிசை,
மலையிடுக்குக்க நேரே நிக்கு."

வண்ணங்களை அழித்தேன்.
இப்போது அது ஒன்றுதான் கேட்கிறது:
இன்று கையில் எத்தனை கம்பு?
நூற்றுப் பத்து என்று தட்டினாள்.
நூற்றுப் பத்து வாழையைக் குறித்துக் கொடுத்தது.
ஆறு இடத்தில் அவள் மாற்றினாள்.
ஏன் என்று சொல்லவில்லை.

ஆடி இருபத்துமூன்று, இரவு மூன்று மணி.
லாரி கவிழ்ந்த சத்தம்போல் மலையிறங்கியதாம் காற்று.
விடிந்து கூப்பிட்டாள்: அறுபத்துநாலு விழுந்தது.

முட்டுக்கொடுத்ததில் எத்தனை என்று
எப்படிக் கேட்பதெனத் தடுமாறும்போதே
அவளே சொன்னாள்:
"ஒம்பது. அத எழுது.
கொடுக்காம நின்னதயும் எழுது.
இல்லேன்னா அடுத்த வருசமும்
கம்பு வாங்கத்தான் சொல்லும் ஒனக்க மிஷினு."

புதிதாய் ஒரு பத்தி திறந்தேன்: தானாய் நின்றவை.
வரப்பில் நடந்தபடி அவள் எண்ணினாள்,
நான் குறித்துக்கொண்டே வந்தேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டில்
அவள் போனில் சார்ஜ் தீர்ந்தது.