எடைமேடை

பகாவ் ஆலையின் எடைமேடையில்
பன்னிரண்டு வருடமாக
நான் எழுதுவது இரண்டே எண்கள்.
செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரியின் எடை,
இறக்கிவிட்டுப் போகும் லோரியின் எடை.
கழித்தால் சரக்கு.

என் கணக்கில்தான் கழித்தல் சரிவருவதில்லை.
மூன்று தடவை இறக்கியாயிற்று.
மூன்று தடவையும்
வாசலைத் தாண்டுவதற்குள்
ஏதோ ஒன்று திரும்ப ஏறிக்கொள்கிறது.

முதலாவது இருபத்து மூன்று வயதில்.
சோப்பு நுரைக்கு அடியில் ஒரு புளியங்கொட்டை.
விரலை வைத்தால் நழுவி
அந்தப் பக்கம் போய் நின்றது.
அன்றிரவு
என் சாவுக்கு யார் யார் வருவார்கள் என்று
எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.
சின்ன மாமா வரமாட்டார். லீவு கிடைக்காது.

குவாலா பிலா ஆஸ்பத்திரியில்
மூன்று வாரம் கழித்து
டாக்டர் காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னார்:
"புக்கான் கான்சர்."
அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள்.

"கான்சர் இல்லை என்று சொல்லியாயிற்றே,
பிறகு ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய்?"
நாத்தனாரைச் சொல்லிக் குற்றமில்லை.
கான்சர் என்றால் ஆரஞ்சு வாங்கி வருவார்கள்.
கான்சர் இல்லாததற்கு
என்ன வாங்கி வருவதென்று
யாருக்கும் தெரியாது.

இரண்டாவது கல்யாணத்துக்குப் பிறகு.
தையல் போட்ட பக்கம் கை படாமல்
தூங்கப் பழகிக்கொண்டான் கதிரேசன்.
அன்பா பயமா என்று
நான் கேட்கவில்லை,
இன்றுவரைக்கும்.

பழமா காயா என்று பார்க்க
ஆலை முற்றத்தில் குலையைக் கோடரியால் பிளப்பார்கள்.
ஊசித் துப்பாக்கி டக்கென்று வெடிக்கும்போது
எனக்கு அந்த முற்றம்தான் ஞாபகம் வரும்.
பிளந்தது ஒன்றை,
பெயர் வைத்தது லோரி முழுவதற்கும்.

மூன்றாவதுக்கு ஸ்கேன் எடுக்கப் போனபோது
என் எண் நாற்பத்தேழு.
நாற்பத்தாறு ஒரு கச்சான் பொட்டலத்தை நீட்டி
"உனக்கு எத்தனை?" என்றாள்.
அரிசி எத்தனை கிலோ என்பது போல.
மூன்று என்றேன்.
"எனக்கு ஆறு. இரண்டை வெட்டியாயிற்று,
நாலு வாடகைக்கு இருக்கு."
பள்ளிக்கூட கேண்டீன்காரி செசிலி.
நாற்பத்தெட்டு, குவே விற்கிற ரொஹாயா.
அவள் கவுன்டருக்குக் கேட்காமல்
"எனக்கு இப்பத்தான் முதல் தடவை" என்று
மலாயில் அழுதாள்.
கச்சான் பொட்டலம் அவள் பக்கம் போனது.

பெயர் எதுவும் வைக்கவில்லை இதற்கு.
தீட்டு நின்ற ஐந்தாம் நாள்
அவரவர் குளியலறையில் அவரவர் விரல்.
பிறகு போனில் ஒரே ஒரு சொல்.
காலி. அல்லது, லோடு.
சொல் என்னுடையது.
ரொஹாயாவுக்கும் பழகிவிட்டது.
சில மாதம் காலி என்று அனுப்பிவிட்டு
மறுநாளே, இல்லை பயமாக இருக்கிறது,
நீ வந்து தொட்டுப் பார் என்பாள்.
போய்த் தொட்டுப் பார்த்திருக்கிறேன்,
குவே சட்டி அடுப்பில் இருக்க,
கையைக் கழுவிக்கொண்டு.

இந்த மாதம் என் முறை.
லோடு என்று அனுப்பினேன்.
செசிலி கேட்டாள், எத்தனை மணி?
கட்டிக்கு முகவரி கடிகாரத்தில்தான்.
நாலு மணி என்றேன், இடது பக்கம்.

சரியாக நாலு மணிக்கு
மூன்று லோரிக்கு நடுவில் நுழைந்து
ஒரு பழைய ஹோண்டா
எடைமேடை மேல் வந்து நின்றது.
முன்னால் ஹெல்மெட் கோணலாக ரொஹாயா,
பின்னால் பிசாங் கோரேங் பொட்டலத்தோடு செசிலி.
பெட்டியில் சிவப்பாக, இருநூற்று நாற்பது கிலோ.

"அது இடம்டி, நேரமில்லை!"
"எங்களுக்குத் தெரியாதா?" என்றாள்
ஆறு உள்ளவள்.

பின்னாலிருந்த லோரிக்காரன் ஹார்ன் அடித்தான்.
அந்த இருநூற்று நாற்பதை
எந்தச் சீட்டிலும் நான் எழுதவில்லை.
வெள்ளிக்கிழமை ஸ்கேன்.
எண்ணெய் வடிந்த கையோடு
அடுத்த வண்டியை ஏறச் சொன்னேன்.