அடையாள அட்டை

கொடியில் என்ன வரைவது என்று
பதினோரு இரவு சண்டை.
புலி என்றது ஒரு பெயர்.
எந்தக் கொடியைப் பார்த்தாலும் புலிதானே, போதும் என்றோம்.
குறிஞ்சி என்றது இன்னொன்று.
அது ஊட்டிச் சால்வையில் இருக்கிறது, முந்நூற்றைம்பது ரூபாய்.
யானை வேண்டாம் என்றேன் நான்.
போன வாரம்தான் எங்கள் லைனில்
வாழையோடு கக்கூஸ் கதவையும் கொண்டுபோயிருந்தது.

தேவாலாவில் அன்று நிற்காத மழை.
ஒரு கையால் கணுக்காலைச் சொறிந்துகொண்டு
மறுகையால் தட்டினேன்:
அட்டை.

சிரிக்கும் மஞ்சள் முகங்கள் திரையை அடைத்தன.
அவை ஓய்ந்ததும் நெடுவாயன் எழுதினான்:
"எலும்பில்லை. எனினும் சூடறிந்து வரும்.
பற்றியதை விடாது. ஏற்கிறேன்."

குலம் என்று வைக்கலாமா என்றான் புதியவன்.
வேண்டாமப்பா,
ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது.
அட்டைக் கூட்டம் போதும்.

எந்த மழையில் பிறந்தாய்,
முதலில் யார் காலைப் பிடித்தாய்,
இதை எழுதாதவருக்கு வாள் கிடையாது.
நான் செங்கால் நங்கை.
ஏதோ ஒரு துரையின் பூட்ஸ் ஓட்டையில் பிறந்து
அவன் கப்பலேறும்வரை குடித்தவள்.
குரல் கூடாது, எழுத்து மட்டும்.
ஊர் கேட்கக் கூடாது. சம்பளம் கேட்கக் கூடாது.
கல்யாணம் ஆச்சா என்று கேட்ட ஒருவனை
மூன்று நாள் கோட்டைக்கு வெளியே நிறுத்தினோம்.

எல்லாவற்றுக்கும் மேல்,
உப்பு என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது.
அந்த வெள்ளை என்றே சொல்லவேண்டும்.
தவறினால் பத்துப் பொற்காசு.
ராத்திரி சாப்பாடு என்ன என்றதற்கு
உப்புமா என்றுவிட்டாள் ஒருத்தி.
விசாரணை விடியும்வரை நடந்தது.
நெடுவாயன் தீர்ப்பெழுதினான்:
"சொல்லின் பாதியே குற்றம். ஐந்து காசு."

அறுபது பேர் எங்கள் மதிலை முற்றுகையிட்ட இரவு
இங்கே கரண்ட் போனது.
டார்ச்சோடு சில்வர் ஓக் மேட்டில் ஏறி
ஒரு கோடு சிக்னலில் நின்றேன்.
பதினான்கு பேர். ஒருவரும் வெளியேறவில்லை.
தோற்றோம், அது வேறு விஷயம்.

பகலில் நான் யோகராணி.
கூட்டுறவு ஃபாக்டரியில் இலை எடை போடுபவள்.
"ஏய் எடை" என்பார் சூப்பர்வைசர்,
அதற்கும் திரும்பிப் பார்ப்பேன்.
காலையில் சாக்ஸில் புகையிலைத் தூளும்
அந்த வெள்ளையும் தேய்த்துக்கொண்டுதான் இறங்குவேன்.
ஒருநாள் எண்ணினேன்,
காலிலிருந்து உதிர்ந்து சுருண்டவை பதினான்கு.
மொத்தக் கூட்டமும்.

ஹம்சாக்கா கடையில் அன்று கூட்டமில்லை.
அவர் ஸ்டூலில் சாய்ந்து போனில் இருந்தார்.
விலைப் பலகையில் தக்காலி, முட்டய்,
எல்லாம் அவர் கையெழுத்து.
"காக்கா, உப்பு ஒரு பாக்கெட்."

நிமிரவில்லை அவர்.
கட்டைவிரல் மட்டும் திரையில் நின்றது.
"பத்துப் பொற்காசு" என்றார்,
கடனைச் சொல்வதுபோல அத்தனை மெதுவாக.

எனக்குக் காது சுட்டது.
கூரைத் தகரத்தில் மழை ஒரே சத்தம்.
பாக்கெட்டை வைத்தார்.
இருபத்தெட்டு ரூபாய் கொடுத்தேன்.
"சில்லறை ஒண்டோ" என்று கேட்டார்.
இல்லை என்றேன்.
அவ்வளவுதான்.

அன்றிரவு கருவூலத்தில் பத்துக் காசு போட்டேன்.
காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.
நெடுவாயன் எழுதினான்:
"பெறப்பட்டது. கேள்வி இல்லை."
ஏழடி உயரம், தோளில் கோடரி.
அந்த ஸ்டூல் எனக்கு ஞாபகம் வந்தது,
ஒரு கால் குட்டை, அடியில் மடித்த அட்டைப்பெட்டி.

இப்போதெல்லாம் கடைக்குப் போனால்
விரலால் காட்டுகிறேன்.
அவரும் பாக்கெட்டைப் பேப்பரில் சுற்றி,
பெயர் தெரியாதபடி இரண்டு மடிப்பு மடித்து,
நூல் போட்டுத் தருகிறார்.