ஜன்னல் பக்கம்

பதினைந்து பக்கம். பத்து எம்பிக்கு மேல் போகக்கூடாது.
இஷ்பெல் இதை எழுதி ஒட்டியிருக்கிறாள்
என் பக்கத்துச் சுவரில்.
அவள் பக்கத்தில் இடமில்லை.

கிரீனக்கில் ஜனவரி என்றால்
மூன்றரை மணிக்கே விளக்குப் போட வேண்டும்.
ஆற்றுக்கு அக்கரை மலை
இருந்தால் இருக்கும். இல்லாவிட்டால் மழை.

கட்டிலுக்கு அடியில் அட்டை,
என் ஸ்கூல் பைக்குள் அட்டை.
கார்ன்ஃபிளேக்ஸ் டப்பா காலியாகும் முன்பே
பக்கவாட்டை வெட்டி எடுத்துவிட்டாள்.
நமுத்துப்போனதைத் தின்பது நான்.

முதலில் வெளியே போனது குதிரை.
பதினாலு வயதில் வரைந்தது, பிடரியில் ஒவ்வொரு மயிரும் தெரியும்,
அம்மா ஃபிரேம் போட்டு மாட்டியது.
போட்டோவைப் பார்த்து வரைந்தது, அதில்
கைதான் இருக்கிறது, கண் இல்லை என்றாள்.
நைட் ஷிஃப்டுக்கு ஷூ மாட்டிக்கொண்டே
குதிரை என்ன பாவம் செய்தது என்று கேட்டாள் அம்மா.

பிறகு பஸ் நிழற்குடை.
நிழலே விழாத ஒரு சனிக்கிழமை
டேப்பின் ஒரு முனை அவள், மறுமுனை நான்.
கவுன்சிலா, கூரையைச் சரிசெய்யப் போகிறீர்களா
என்று சிப்ஸ் பொட்டலத்தோடு ஒருவர் கேட்டார்.
இல்லை, காலேஜுக்கு என்றேன்.
அப்படியானால் ஒழுகுகிற இடத்தையும் போட்டுக்கொள்
என்று எண்ணெய் விரலால் காட்டினார்.
போட்டிருக்கிறாள்:
ஒன்பதாம் பக்கம், இடது மேல் மூலை,
நீலப் பென்சிலில் ஒரே ஒரு சொட்டு.

அட்டைப் பாலம் இரண்டு தடவை விழுந்தது.
மூன்றாம் தடவை நின்றது.
நின்ற பாலத்துக்காக
முக்கால் மணி நேரம் மேஜை விளக்கைத் தூக்கிப் பிடித்தேன்,
பின்னால் குளியல் டவலை இழுத்துக் கட்டினேன்.
விழுந்த பாலத்தின் படத்தைச் சேர்த்துக்கொண்டாள்.

எங்கள் மாடிப்படி அறுபத்திரண்டு.
நாற்பத்தொன்றாவதில் குழிவு, பதினெட்டு மில்லிமீட்டர்.
இவ்வளவு மிதித்தது யார் என்றேன்.
கட்டைவிரல் பிளாஸ்டரைக் கடித்தபடி
எல்லோரும் என்றாள்.

செவ்வாய் இரவு கோப்பு பதினொன்று புள்ளி நான்கு எம்பி.
சுருக்கினாள். பென்சிலின் சொரசொரப்பு போய்விட்டது.
திரும்ப விரித்தாள், திட்டினாள், வேறு மாதிரிச் சுருக்கினாள்.
ஒன்பது புள்ளி ஏழு.
எழுத்துப் பிழை இருக்கிறதா பார் என்று
தலைக்குக் குளிக்கப் போனாள்.

பதினாலாம் பக்கம் எங்கள் அறை,
கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து பார்த்தது.
கதவு திறக்கும் வளைவு. ரேடியேட்டர்.
ஒரு கம்பி அறுந்த என் கிட்டார், அறுந்தபடியே.
கட்டில் ஒன்று.
ஒன்றுதான்.

ஜன்னல் பக்கத்துக்காக ஏழு வருடம் சண்டை போட்டிருக்கிறோம்.
காசு சுண்டி, ஒவ்வொரு முறையும் நான் தோற்றேன்.
படத்தில் ஜன்னல் பக்கம் என் கட்டில்,
முழங்காலை வயிறுவரை மடித்து ஒரு சின்ன உருவம்.
நான் இப்போது படுக்கிற இடத்தில்
வெறும் அளவுக்கோடு,
இரண்டு முனையிலும் அம்பு,
நடுவில் 2340.

சரியா இருக்கா என்று கதவருகே நின்றாள்,
தண்ணீர் சொட்டச் சொட்ட.
பன்னிரண்டில் ஒரு கமா என்றேன்.
திருத்தினாள். அனுப்பினாள்.
இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
இன்னும் ஏதோ நடக்கப்போவது மாதிரி.
எதுவும் நடக்கவில்லை. நன்றி என்று வந்தது.

தலை காயாமலே தூங்கிப்போனாள்.
டேப்பை எடுத்து, அவள் காலைத் தாண்டி,
ஜன்னல் விளிம்பின் உயரத்தை அளந்தேன்.
910 என்று எழுதியிருக்கிறாள்.
870.

அந்தக் காலேஜிலிருந்து யாரும் வந்து அளக்கப்போவதில்லை.
நானும் சொல்லவில்லை.
டேப் சட்டென்று சுருண்டு சத்தம் போடாமல்
கட்டைவிரலால் பிடித்துப் பிடித்து
உள்ளே விட்டேன்.