இருபத்து நாலாவது குழாய்

குருநகர் சவிரியான் அதைப்
புடவைக்கடைப் பையில் கொண்டுவந்தார்.
பண்ணைப் பாலத்துக்கு அப்பால்
களங்கண்டியில் மாட்டி, தண்ணீர் குடித்துச்
செத்த கடற்காகம்.
காலில் வளையம்.
கவிழ்த்தாலும் நிமிர்த்தாலும்
எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து.
"வெளிநாட்டுக் காகம் போல, ரீச்சர்."
நான் ரீச்சர் இல்லை, ஆய்வுகூட உதவியாள்.
கிழிந்த வலைக்குக் காசு கேட்க வந்தவர்
கேட்காமலே போனார்.

பனிக்கடல் ஓரம் பொரித்தது அது.
அங்கே வயல் இல்லை,
நுளம்புக்கு மருந்தடிக்க ஒரு சுவரும் இல்லை.
எங்கள் சுவர்களுக்கு அடித்தார்கள்.
கதவுக்கு மேலே திகதி எழுதிவிட்டுப் போவார்களாம்.
பல்லிகள் பொத்துப் பொத்தென்று விழுந்ததை
அம்மா இப்போதும் சொல்லுவா.
அடித்தது வெயிலில் எழும்பும்.
காற்றேறிப் போய்க்
குளிர் கண்ட இடத்தில் குந்தும்.
அதற்கு அழியத் தெரியாது.

கரிப்புகையில் ஏறிய பாதரசமும் அப்படித்தான்.
பாசியில் ஒரு பொட்டு,
பாசி தின்ற கூனியில் ஒரு கிள்ளு,
கூனி தின்ற மீனில், மீன் தின்ற இதில்.
இறகு முளைக்கையில்
இரத்தத்தில் கிடப்பதை
இறகுக்குள் தள்ளிவிடுமாம் பறவை.
பெட்டை என்றால் முட்டைக்குள்ளும்.

நெஞ்சிறகு ஐந்து நறுக்கி
அசற்றோனில் கழுவி அமிலத்தில் போட்டேன்.
மஞ்சளாய்க் கரைந்தது.

மணி பன்னிரண்டு. மார்பு கனத்து
சட்டை நனைந்தது.
பிள்ளைக்கு இன்று தொண்ணூற்றாறாம் நாள்.
பால் ஊறட்டும் என்று
பாசையூர்ச் சந்தையில் விடிய நின்று
சுறா வாங்கி வந்து
முப்பது நாளும் வறை தந்தா அம்மா.
உள்ளி, மிளகு, தேங்காய்ப்பூ.
ருசி. நான் இன்னும் கேட்டேன்.

சுறா பெரிய மீன்.
சின்ன மீன்களின் கணக்கெல்லாம்
அதன் கொப்பியில்தான்.
சொன்னால் அம்மா அழுவா.
சொல்ல என்னிடம்
ஒரு எண்கூட இல்லை.

அதே கத்தரிக்கோலால்
பிடரியில் ஒரு பிடி மயிர் வெட்டினேன்.
இந்த வருடத்துப் பறவைகள் இருபத்து மூன்று குழாய்.
இருபத்து நாலாவதில்
'இனம்' என்ற இடத்தில் பேனை நின்றது.
பிறகு எழுதினேன்:
பெண். யாழ்ப்பாணம். வலசை போகாதது.

கருவி சூடாக நாற்பது நிமிடம்.
இருபதில் கரண்ட் போனது.
இருட்டில் கதவைச் சாத்தி
புட்டியில் பாலைப் பிழிந்தேன்.
ஊற்றவா, வைக்கவா?

மூடியில் திகதி எழுதினேன்.